வீடுகளில் எத்தனை பேர்?

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் சதவீதம். அரசு வானொலியின் நேயர் ஆய்வுப் பிரிவுக்கு அவள்தான் அதிகாரி. எதைக் கேட்டாலும் நூற்றுக்கு இத்தனை என்று பதில் சொல்லிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட பெயர் அது. "சதவீதம் மேடம் இன்னிக்கு லீவா?" என்று வாசல் காவலர்கூடக் கேட்பார். கோபப்பட்டால் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்த வானொலிக்குப் புதிதாக ஒரு தலைமை இயக்குநரை அரசு தேர்ந்தெடுத்திருந்தது. தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. நாடாளுமன்றக் குழு அவரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, சரி என்று தலையாட்டிய பிறகுதான் அவர் நாற்காலியில் உட்காரலாம் என்பது சட்டம். நடைமுறை வேறு. நாற்காலியைத் துடைத்து, பெயர்ப்பலகை எழுதக் கொடுத்துவிட்டு, அப்புறம் சாவகாசமாகக் கேள்வி கேட்பார்கள். அலுவலகத்தில் அவருக்கு 'வரப்போகிறவர்' என்று பெயர் விழுந்துவிட்டது. 'ஒருவேளை வரலாம்' என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

வரப்போகிறவர் கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு சோப்புக் கம்பெனியின் விற்பனையைத் தூக்கி நிறுத்தியவர். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். லிப்டில் எல்லாரும் ஏறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். கேட்க ஆளில்லாத நிகழ்ச்சிக்கு மக்கள் பணம் எதற்கு என்பது அவர் வாதம். அதில் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்? குழுவுக்கு அவர் எழுதிக் கொடுத்த திட்டத்தில் முதல் பத்தியே அதுதான். அதற்கு ஆதாரமாகச் சதவீதத்தின் பிரிவு தயாரித்த அட்டவணையையே இணைத்திருந்தார்கள். அட்டவணையின் கடைசி வரியில் 'கட்டிலோரம்' என்ற நிகழ்ச்சி. அதற்கு நேரே, கேட்பவர்கள்: பூஜ்யம்.

அவள் எழுதி அனுப்பியது அது இல்லை.

'கட்டிலோரம்' பிற்பகலில் வரும். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே கிடப்பவர்களுக்கான நிகழ்ச்சி. உறவுக்காரர்கள் வானொலி நிலையத்துக்குப் போன் செய்து தங்கள் குரலைப் பதிவு செய்துவிட்டால், இன்ன ஆஸ்பத்திரி, இன்ன வார்டு, இன்னாருக்கு என்று சொல்லி ஒலிபரப்புவார்கள். நடுநடுவே பாட்டு. 'அப்பா, கூரை ஒழுகறத அடைச்சாச்சு, கவலைப்படாதீங்க' என்று ஒருத்தி சொல்வாள். 'ஏய், என் சட்டையை எங்க வச்சுட்டுப் போன?' என்று ஒரு புருஷன் ஊர் முழுக்கக் கேட்க விசாரிப்பான். வேறு யாருக்கும் அதில் ஒரு சுவாரசியமும் கிடையாது. வார்டில் கிடப்பவர்களுக்கு அதைவிடச் சுவாரசியம் உலகத்தில் வேறு கிடையாது.

சதவீதத்தின் அக்கா அப்படி ஒரு வார்டில்தான் இருந்தாள், ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில் கிடக்கும் வார்டு. மாடிப்படியில் சறுக்கி விழுந்தவளுக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. அத்தான் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கிருந்து நிலையத்துக்குப் பேசிவிடுவான். நேரே அம்மாவுக்கே போன் செய்யலாமே என்று கேட்கிறவர்கள் ஒருமுறை அந்த வார்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். செல்போனைப் பிடிக்கக் கை வேண்டும். ஆயாவை ஒரே நேரத்தில் நாலு பக்கமும் கூப்பிடுவார்கள். அவளுக்கு இருப்பது இரண்டே கை. சுவரில் மாட்டிய ரேடியோவுக்கு யார் கையும் வேண்டாம். அது பாட்டுக்குப் பேசும். அக்காவின் மகன் பேசினால் வார்டே கேட்கும். மறுநாள் எல்லாரும் சேர்ந்து அதை அலசுவார்கள். 'பையன் குரல்ல கொஞ்சம் சளி தெரியுதே' என்று அடுத்த கட்டில்காரி கவலைப்படுவாள். அந்த நிகழ்ச்சி நின்றுபோனால் அக்காவுக்கு மகன் குரல் நின்றுபோகும். அவ்வளவுதான் விஷயம்.

சரி, இத்தனை பேர் கேட்கும்போது பூஜ்யம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. நேயர் ஆய்வு என்றால் வீடு வீடாகப் போய்க் கேட்பது. எது வீடு? ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு. ஆய்வின் முதல் விதி அது. நல்ல விதிதான், எல்லா நாட்டிலும் உள்ள விதிதான். வார்டில் அடுப்பு ஏது? சாப்பாடு தள்ளுவண்டியில் வரும். ஆகவே வார்டு வீடு இல்லை. அங்கே யாரும் போய்க் கேட்டதும் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்குத் தனி ஆய்வு நடத்த வேண்டும் என்று சதவீதம் வருஷா வருஷம் எழுதுவாள்; அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வருஷா வருஷம் பதில் வரும். அதனால் அட்டவணையில் 'கட்டிலோர'த்துக்கு நேரே அவள் எண் போடுவதில்லை. ஒரு சின்னக் கோடு போட்டு, கீழே 'அளக்கப்படவில்லை' என்று எழுதி அனுப்புவாள். குழு அலுவலகத்துக் கம்ப்யூட்டர் அந்த இடத்தில் எண்ணைத் தவிர எதையும் ஏற்காதாம். தட்டச்சு செய்தவர், பாவம், கோடு இருந்த இடத்தில் பூஜ்யத்தைப் போட்டு, கீழே இருந்த குறிப்பையும் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவள் குழு அலுவலகத்துக்கே நேரில் போனாள். குழுவின் செயலர் நல்ல பெண்மணி; உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"தப்புதான் மேடம், ஒத்துக்கறேன். ஆனா உறுப்பினர்கள் கைக்குப் போயாச்சு. கைக்குப் போயிட்டா அது எங்க காகிதம் இல்ல, குழுவோட காகிதம். குழு கூடி ஒத்துக்கிட்டாத்தான் ஒரு புள்ளியக்கூட மாத்த முடியும்."

"சரிங்க. குழு எப்ப கூடுது?"

"இந்த விசாரணைக்குத்தான்."

"அப்ப அதுலயே திருத்திடலாமே?"

"அதுக்கு முந்தின கூட்டத்துல சொல்லியிருக்கணும் மேடம்" என்றார் செயலர். சொல்லும்போது அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். டீ ஆறிடும், குடிங்க என்றார்.

தன் மேலதிகாரியிடம் போனாள். அவர் கழுவுற மீனில் நழுவுற மீன். முழுக்கக் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விசாரணைக்கு நீங்களும் வர்றீங்க. வரப்போறவருக்குப் பின்னாடி உக்காந்திருப்பீங்க. யாராவது உங்களைப் பாத்துக் கேட்டா பதில் சொல்லுங்க. கேக்காம வாயத் திறக்கக் கூடாது. அது குழு விதி, என் விதி இல்ல."

"யாரும் கேக்கலைன்னா சார்?"

"கேக்கலைன்னா சொல்ல வேண்டியதில்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்னொண்ணு. உங்க அக்கா அந்த வார்டுல இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அது வெளிய தெரிஞ்சா, குடும்ப நலனுக்காகப் பேசறாங்கம்பாங்க. உங்க எண் எதையும் அப்புறம் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. யோசிச்சுக்குங்க."

யோசித்தாள். சொன்னால் அக்காவின் தங்கை. சொல்லாவிட்டால் உப்புக்குச் சப்பாணி. இரண்டில் எது ஆனாலும் பூஜ்யம் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். குழுவில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இருந்தார், தொழிலால் வக்கீல். அவரது அலுவலகத்துக்குப் போய், வெளியே பெஞ்சில் காத்திருந்து, பார்த்தாள். அதிகாரி ஒருத்தி இப்படி உறுப்பினரைத் தனியாகப் பார்த்தது தெரிந்தால் வேலைக்கே உலை வைத்துவிடும். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "நீங்க என்னப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும் சார். ஆஸ்பத்திரிகள்ல ஆய்வு பண்ணீங்களான்னு. மிச்சத்த நான் சொல்லிடறேன்" என்றாள்.

வக்கீலுக்கு முகமெல்லாம் பிரகாசம். "பிரமாதமான பாயின்ட்மா! ஆனா அப்படி எடுத்த எடுப்புல கேக்கக் கூடாது. சாட்சிய விசாரிக்கறதுல ஒரு முறை இருக்கு. முதல்ல அடித்தளம் போடணும். 'வீடுகளில் எத்தனை பேர் கேட்கிறார்கள்?'னு கேப்பேன். நீங்க யாருமில்லைன்னு சொல்லணும். எல்லாரும் சரிதான்னு நிமிர்ந்து உக்காருவாங்க. அப்பத்தான் அடுத்ததப் போடணும். 'ஆஸ்பத்திரிகளில் விசாரித்தீர்களா?' இல்லம்பீங்க. அவ்வளவுதான், ஆள் க்ளோஸ்!"

"நேரா ரெண்டாவதையே கேட்டுடுங்களேன் சார்."

"அம்மா, நீங்க கணக்குல புலி. இது என் ஏரியா. விடுங்க என்கிட்ட."

விட்டாள். வேறு யாரிடம் விடுவது?

குழு அறை நீள்சதுரம். குதிரை லாடம் போல வளைந்த மேசை, எதிரே வரப்போகிறவர், அவருக்குப் பின்னால் அதிகாரிகளுக்கு ஒரு வரிசை. ஒவ்வொருவர் முன்னாலும் மைக். குழுத் தலைவர் தன் மேசைப் பொத்தானை அழுத்தினால்தான் மைக்கில் சிவப்பு விளக்கு எரியும். எரியாவிட்டால் தொண்டை கிழியக் கத்தினாலும் பதிவில் ஏறாது. வானொலியில் நேரடி ஒலிபரப்பு வேறு. அதனால் உறுப்பினர்கள் எல்லாரும் தலைவாரிக்கொண்டு வந்திருந்தார்கள்; வானொலியில் தலை தெரியாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆளுங்கட்சி உறுப்பினர்கள் முதலில் பேசினார்கள். ஒருவர் வரப்போகிறவரின் கல்லூரியைப் பற்றிக் கேட்டார். தானும் அதே கல்லூரி என்று தெரிவித்தார். இன்னொருவர் தம் தொகுதியில் அலைவரிசை சரியாக எடுக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். வரப்போகிறவர் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு பணிவாகப் பதில் சொன்னார். முதல் பத்தி வந்தபோது, "யாரும் கேக்காத நிகழ்ச்சிய நிறுத்தறது யாரையும் பாதிக்காது. அந்த நேரத்த நாலு பேர் கேக்கற விஷயத்துக்குக் கொடுக்கலாம்" என்றார். சதவீதம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகைத் தட்டி ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் போதும். கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான்.

வக்கீலின் முறை வந்தது. ஒவ்வொருவருக்கும் நேரம் அளந்துதான் கொடுப்பார்கள். முடிந்தால் மணி அடிக்கும். வக்கீல் எழுந்து நின்றார். ஜனநாயகத்தில் ஊடகத்தின் இடம் பற்றிப் பேசினார். தம் சிறு வயதில் வீட்டில் இருந்த வானொலிப் பெட்டியைப் பற்றிப் பேசினார். அந்தப் பெட்டியின் நிறம்கூடச் சொன்னார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கேளுங்கள், கேளுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள். கடைசியில் அவர் மெதுவாகத் திரும்பி, அவளை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஆய்வுப் பிரிவு அதிகாரியிடம் கேட்கிறேன். 'கட்டிலோரம்' என்ற நிகழ்ச்சியை இந்த நாட்டின் வீடுகளில் எத்தனை பேர் கேட்கிறார்கள்?"

தலைவர் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்திய பிறகு அவள் மைக்கில் சிவப்பு எரிந்தது.

"வீடுகள்ல யாரும் கேக்கலைங்க. ஆனா..."

மணி அடித்தது. சிவப்பு அணைந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை அவள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள். வக்கீல், "தலைவர் அவர்களே, இன்னும் ஒரே ஒரு கேள்வி..." என்றார். தலைவர், "உறுப்பினர் தம் நேரத்தைத் தாமே செலவழித்தார்" என்றார், அறை சிரித்தது. அவள் எழுந்து நின்றாள். "ஐயா, நான் இன்னும் முடிக்கல..." என்றாள். அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. குழுத் தலைவர் கனிவாகத்தான் கையமர்த்தினார்: "தெளிவான பதில். நன்றி, உக்காருங்க." மேலதிகாரி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தாள்.

அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் தூக்கினார்கள், எதிர்க்கட்சியில் இரண்டு பேரும் தூக்கினார்கள், வக்கீல் தூக்கவில்லை. நியமனம் ஏற்கப்பட்டது. 'கட்டிலோர'த்துக்குக் கேட்பவர் இல்லை என்பது இனி வெறும் அட்டவணை இல்லை. துறை அதிகாரியே குழு முன் வாயால் சொன்ன சாட்சியம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் தான் மட்டும் கெடும். இவள் வாயால் கெட்டது யார் யாரோ.

வெளியே தாழ்வாரத்தில் வந்துவிட்டவரைப் பிடித்தாள்; இனி அவரை வரப்போகிறவர் என்று சொல்ல முடியாது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள், அக்காவை மட்டும் சொல்லவில்லை. அவர் பொறுமையாக நின்று கேட்டார். உண்மையிலேயே கேட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்க சொல்றது நியாயமாத்தான் படுது மேடம். ஆனா என் நிலைமையப் பாருங்க. குழு முன்னாடி நிறுத்தறேன்னு சொல்லித்தான் வந்திருக்கேன். யாருமில்லைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இப்ப நான் நிறுத்தலைன்னா, குழுகிட்டப் பொய் சொன்னது நீங்களா நானான்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரி ஆய்வு ஒண்ணு அடுத்த வருஷம் பண்ணலாம். கேக்கறவங்க இருந்தா திரும்ப ஆரம்பிச்சுடுவோம்."

"நிறுத்தின நிகழ்ச்சிய யார் சார் கேப்பாங்க?"

அவர் அவளுக்காக லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வக்கீல் வாசல் படிக்கட்டில் எதிர்ப்பட்டார். "மணி மட்டும் அடிக்கலைன்னா, பாத்திருப்பீங்க!" என்றார். அவரை அறையலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அறைந்து என்ன ஆகப்போகிறது? வணக்கம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

வார்டு வாசலில் ஆயா எதிர்ப்பட்டு, "உங்களத்தான் கேட்டோம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குழுக் கூட்டத்தின் நேரடி ஒலிபரப்பு அன்று 'கட்டிலோரம்' வரும் நேரத்தில், அதே அலைவரிசையில் போயிருந்தது. அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. நிகழ்ச்சி அட்டவணை அவள் மேசை வழியாகத்தான் போகும். தெரிந்தும் மனசில் தங்கவில்லை. ரேடியோவை யாரும் மாற்றவில்லை. மாற்ற எழுந்து போகக்கூடியவர்கள் அந்த வார்டில் குறைவு.

உள்ளே போகவே கால் வரவில்லை. போனாள்.

"வா தங்கச்சி, வா" என்றார் ஜன்னலோரக் கட்டில் தையல்காரர். இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். வார்டின் கோமாளி அவர்தான். "ஆய்வுப் பிரிவு அதிகாரின்னு உன்னக் கூப்பிட்டதும் உங்க அக்கா போட்ட சத்தம் இருக்கே! 'என் தங்கச்சி, என் தங்கச்சி'ன்னு. நாங்க எல்லாரும் கை தட்டினோம். அந்த ஆளு எத்தனை பேர் கேக்கறாங்கன்னு கேட்டாரா, கேட்டதும் நான் கையத் தூக்கிட்டேன். என்னப் பாத்து அந்தப் பக்கம் தூக்கினாங்க. அப்புறம் இந்த வரிசை. பள்ளிக்கூடம் மாதிரி ஆயிடுச்சு போ!"

"முடியாதவங்களுக்கு நான் தூக்கிப் பிடிச்சேன்" என்றாள் ஆயா. "உங்க அக்கா கையும் நான்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"நீ யாருமில்லைன்னு சொன்னதும் தூக்கின கைய என்ன பண்றதுன்னு தெரியல" என்று சிரித்தார் தையல்காரர். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் பாதியில் நின்றது.

சதவீதம் அக்காவின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்; அழுகை வந்துதான் தொலைத்தது. அக்காவால் அவள் முதுகைத் தடவ முடியாது. முகத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பினாள்.

"குட்டி, எதுக்குடி அழற? நீ பொய்யா சொன்ன? வீட்டுல யார் இதக் கேப்பா? வீட்டுல இருக்கறவங்களுக்கு ஆயிரம் வேலை."

"அக்கா..."

"இரு. எனக்கு ஒண்ணு சொல்லு. நீ 'ஆனா'ன்னு ஏதோ சொல்ல வந்தியே, அதுக்குள்ள வேற யாரோ பேச ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் என்ன சொல்ல வந்த?"

அந்தப் பக்க வரிசையில் ஒருத்தர் பக்கத்துக் கட்டில்காரரை, "சும்மா இருங்க, சொல்றாங்க" என்று அடக்கினார். ஆயா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். சதவீதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழுவுக்கு என்று ராத்திரியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியத்தை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"ஆனா, ஆஸ்பத்திரிகள்ல நாங்க இதுவரைக்கும் யாரும் போய்க் கேட்டதே இல்லைங்க. கேட்டிருந்தா, வார்டு வார்டா ஆள் இருக்காங்க. அது பூஜ்யம் இல்ல. நாங்க எண்ணலை, அவ்வளவுதான்."

தையல்காரர் அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"இத அங்கயே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி" என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு யோசனையாகத்தான் சொன்னார்.